பட்டாளத்து ஜுனைதீனின் கல்யாண மெட்டு

பதுளைக் கடைவீதியில் ஜுனைதீன் என்று கேட்டால், எந்த ஜுனைதீன் என்று திருப்பிக் கேட்பார்கள். பட்டாளத்து ஜுனைதீன் என்று சொன்னால் உடனே கையைக் காட்டிவிடுவார்கள். ஆள் ஒரு நாளும் பட்டாளத்தில் இருந்ததில்லை. பட்டாசுச் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொள்கிற மனிதர். அவரிடம் இருந்ததெல்லாம் இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஓர் அம்ப்ளிபயர், ஒரு பெட்டி நிறைய ரெக்கோட், அப்புறம் ஒரு வன்மம். பட்டாளத்துப் பாண்ட் வாத்தியத்தைத் தேடி அவர் அலைந்த அலைச்சலைப் பார்த்து, பெரிய இசைப் பிரியர் என்று ஊரில் சிலர் மெச்சினார்கள். இசையாவது, பிரியமாவது! தங்கராஜா முதலாளியை அடிக்க அவர் ஒரு கோல் தேடிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

கடையைத் தொடங்கியவர் அவருடைய வாப்பா மொஹிதீன். கல்யாணம், கந்தூரி, தோட்டத்துத் திருவிழா, தொழிற்சங்கக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் வாடகைக்குப் போகும். ஆனால் கடைக்கு மரியாதை தேடிக் கொடுத்தது பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிதான். வருடத் தொடக்கத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் போட்டி நடக்கும். பிள்ளைகள் கொடி பிடித்துக்கொண்டு பிரதம விருந்தினருக்கு முன்னால் அணிநடை போவார்கள். அதற்குப் பட்டாளத்துப் பாண்ட் ரெக்கோட் இல்லாமல் முடியாது. பிள்ளைகளின் இடது காலும் முரசின் அடியும் ஒன்றாக விழ வேண்டும். பிள்ளைகள் மைதானத்தைப் பாதி சுற்றுவதற்குள் ரெக்கோட் முடிந்துவிடும். மொஹிதீன் அது முடிகிற தறுவாயில் முள்ளை மெல்லத் தூக்கி, அடி பிசகாமல் நடுவில் கொண்டுபோய் வைப்பார். ஒரு பிள்ளைக்கும் கால் தடுமாறாது. அந்த வேலையில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது, மகனுக்கும் இருந்தது.

அந்தப் பெருமைக்குத்தான் தங்கராஜா கொள்ளி வைத்தார். கடைவீதியின் மேல் முனையில் ரேடியோக் கடை வைத்திருந்தவர் அவர். இந்தியாவிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்கிற குடும்பம். வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு, எல்லாச் சங்கத்திலும் ஒரு பதவி. புதிதாக ஒரு அம்ப்ளிபயர் தருவித்து ஸ்பீக்கர் வாடகைத் தொழிலிலும் இறங்கியிருந்தார். பள்ளிக்கூடங்கள் எல்லாம் மொஹிதீனையே கூப்பிடுவது அவருக்குக் கண்ணை உறுத்தியது.

அறுபத்தாறாம் ஆண்டு ஊரின் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் போட்டி. மாவட்ட நிர்வாகத்தின் தலைவரான அரசாங்க அதிபர் பிரதம விருந்தினர். காலையிலேயே தங்கராஜா மொஹிதீனின் மேசைக்கு வந்து, சுகம் விசாரித்து, வெற்றிலை கொடுத்து, ரெக்கோட்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, நல்ல சேகரிப்பு என்று புகழ்ந்துவிட்டுப் போனார். கொடி உயர்ந்தது. அதிபர் எழுந்து நின்றார். மொஹிதீனின் பார்வை முழுக்க முதல் பிள்ளையின் காலில் இருந்தது. வழக்கமான உறைக்குள் கையை விட்டு ரெக்கோட்டை எடுத்து வைத்தார், முள்ளை இறக்கினார். பாண்ட் வாத்தியம் வரவில்லை. கள்ளுக்கடையில் ஆடுகிற பைலாப் பாட்டு ஒன்று இரண்டு குழாயிலும் அலறியது.

முன்வரிசைப் பிள்ளைகள் இரண்டடி நடந்தார்கள், பிறகு இடுப்பை ஆட்டினார்கள். மைதானமே சிரித்தது. அதிபருக்கு முகம் சிவந்தது. தலைமை ஆசிரியர் மேடையிலிருந்து இறங்கி வந்து, இத்தனை பேருக்கு முன்னால் பள்ளிக்கூடத்தின் மானத்தை வாங்கிவிட்டீர் என்று சொல்லி, சாமான்களைத் தூக்கிக்கொண்டு உடனே வெளியே போகச் சொன்னார். மொஹிதீன் ஒரு குழாயைத் தலையில் வைத்துக்கொண்டு மைதானத்தைக் குறுக்கே கடந்து போனார். ஜுனைதீன் பின்னால் மற்றதைத் தூக்கிக்கொண்டு போனார். அப்போது அவருக்கு முப்பது வயது, ஐந்து வயதில் ஒரு மகள் இருந்தாள். அவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் தங்கராஜாவின் புதிய அம்ப்ளிபயர் மைதானத்துக்குள் வந்துவிட்டது.

வீட்டில் அந்த பைலா ரெக்கோட்டைத் திருப்பிப் பார்த்தார்கள். நடுவில் ஒட்டியிருந்த தாளில் தங்கராஜா கடையின் ரப்பர் முத்திரை இருந்தது. அதை மறைக்கக்கூட அந்த மனிதர் மெனக்கெடவில்லை. ஜுனைதீன் ரெக்கோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தார். வாப்பா அதைப் பிடுங்கித் தரையில் அடித்து நொறுக்கிவிட்டார்.

“சபையில போய்ச் சொன்னா இன்னொரு தரம் சிரிப்பாங்க. விட்டுடு” என்றார்.

அவர் விட்டுவிட்டாரா என்றால் இல்லை. அதற்குப் பிறகு கடைக்கு வரவே இல்லை. ஜும்ஆவுக்குப் போகும்போதுகூடக் கடைவீதியைத் தவிர்த்துக் கொல்லைப்புறச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். தங்கராஜாவோ சும்மா இருக்கவில்லை. தேநீர்க் கடையில் உட்கார்ந்து, மொஹிதீன் குழாயைத் தலையில் வைத்துக்கொண்டு போன நடையை நடித்துக் காட்டுவார். ஒரு தட்டைத் தலையில் கவிழ்த்து, பைலாவுக்கு ஏற்றபடி இடுப்பை ஆட்டி நடப்பார். பார்க்கிறவர்கள் தேநீர் சிந்தச் சிரிப்பார்கள். ஜுனைதீன் ஒரு தடவை அதை வாசலில் நின்று பார்த்தார். வாப்பா மௌத்தாகி மையவாடிக்குக் கொண்டுபோன அன்றும் அவர் கண்ணுக்குள் அந்தத் தட்டும் அந்த இடுப்பும்தான் இருந்தன. மண் தள்ளுகிறபோது துஆவுக்குப் பதிலாகத் தங்கராஜாவின் பெயர்தான் அவர் மனதில் ஓடியது. அல்லாஹ் மன்னிக்கட்டும் என்று பிறகு சொல்லிக்கொண்டார், ஆனால் பெயரை மறக்கவில்லை.

முதலில் தொழிலில் அடிக்கலாம் என்று பார்த்தார். தங்கராஜாவிடம் நான்கைந்து பாண்ட் ரெக்கோட்தான் இருந்தன. இவர் பெட்டி நிறையச் சேர்க்கப் புறப்பட்டார். ரயிலேறிக் கொழும்புக்குப் போய்ப் பழைய ரெக்கோட் கடைகளில் நுழைந்தார். இங்கிலீஷ் எழுத்து அவருக்கு அரைகுறை. எந்த மெட்டுக்கு என்ன பெயர் என்று தெரியாது. கடைக்காரன் என்ன வேண்டும் என்று கேட்டால், கடைக்கு நடுவில் நின்று லெப்ட் ரைட் என்று காலைத் தூக்கி வைத்து நடந்து காட்டுவார். உறையில் கரடித்தோல் தொப்பி வைத்த ஆள் இருந்தால் வாங்குவார். புலித்தோல் போர்த்திய முரசுக்காரன் படம் இருந்தால் யோசிக்காமல் வாங்குவார். அப்படி வாங்கியதில் ஒன்று சர்க்கஸ் வாத்தியமாகப் போய்விட்டது என்பதும் உண்மை.

ரெக்கோட் போதாதென்று, நேரே வாசிப்பதைக் கேட்கத் தியத்தலாவைக்குப் போனார். அங்கே இராணுவ முகாமில் புதிய ஆட்கள் பயிற்சி முடித்து அணிவகுக்கிற நாளில் பாண்ட் வாசிக்கும். வேலிக்கு வெளியே டர்பன்டைன் மரத்தடியில் நின்று, இரவல் வாங்கிய டேப் ரெக்கோடரில் அதைப் பிடிக்கப் பார்த்தார். முதல் தடவை காற்றும் காகமும்தான் பதிவாகியிருந்தன. இரண்டாவது தடவை காவல்காரன் பிடித்து உள்ளே கொண்டுபோய்விட்டான். நல்ல வேளையாக அங்கே அஸீஸ் என்றொரு மலாய்க்காரர் இருந்தார், பாண்டில் கிளாரினெட் வாசிக்கிறவர், தமிழ் பேசுவார். இவர் கதையைக் கேட்டுச் சிரித்து, ஒத்திகை நாளில் உள்ளே நின்று பிடித்துக்கொள்ள வழி செய்து கொடுத்தார். பழி உணர்ச்சியைப் பற்றி ஜுனைதீன் அவரிடம் மூச்சு விடவில்லை. பாண்ட் மேல் ஆசை என்று மட்டும் சொன்னார்.

ஐந்தாறு வருடத்தில் ஹாலிஎல தொடக்கம் பசறை வரை எந்தப் பள்ளிக்கூடத்திலும் அணிநடைக்கு ஜுனைதீன்தான். போட்டிக்காகப் பிள்ளைகளைப் பிரிக்கிற ஒவ்வோர் இல்லத்துக்கும் ஒவ்வொரு மெட்டு வைத்திருந்தார். தங்கராஜா ஸ்பீக்கர் வாடகைத் தொழிலையே மூடிவிட்டார். இதோடு நெஞ்சு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. தங்கராஜாவுக்கு அது ஒரு நஷ்டமாகவே படவில்லை. அவருடைய ரேடியோ வியாபாரம் கொழித்தது, தேநீர்க் கடையில் தட்டைத் தலையில் வைக்கிற வேடிக்கையும் நிற்கவில்லை. அவரைச் சபையில் வைத்து, அவர் வீட்டு நல்ல நாளில், எல்லோரும் பார்க்க மூக்கறுத்தால்தான் வாப்பாவின் கணக்குத் தீரும் என்று ஜுனைதீனுக்கு உறுதியாகிவிட்டது. எப்படி என்றுதான் தெரியவில்லை.

எழுபத்தைந்தில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது வெள்ளைக்காரத் துரைமார் மூட்டை கட்டினார்கள். பங்களாச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. பசறைப் பக்கம் ஒரு தோட்டத்து ஏலத்துக்கு ஜுனைதீன் போனார். மற்றவர்கள் அலுமாரிக்கும் கட்டிலுக்கும் அடித்துக்கொள்ள, இவர் ஒரு பெட்டி ரெக்கோட்டோடு பின்கட்டுக்குப் போய் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பங்களாவில் ஆயாவாக இருந்த இராக்கம்மா அங்கே பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உறையில்லாத ஒரு ரெக்கோட்டை அவர் கையில் கண்டதும் துடைப்பதை நிறுத்தினாள்.

“அது வேணாங்க. அதத் தொர வருசத்துல ஒரே ஒரு நாளுதான் போடுவாரு. போட்டுட்டு, கோட்ட மாட்டிக்கிட்டு வெறச்சுப் போய் நிப்பாரு. கண்ணுல தண்ணி ஓடும். யுத்தத்துல அவரு தம்பி செத்துப்போனாராம்” என்றாள்.

ஜுனைதீன் அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்து, கடைக்கதவைச் சாத்திவிட்டு அதைப் போட்டுக் கேட்டார். முரசைத் துணியால் மூடி அடிப்பதுபோல ஒரு சத்தம். ஓர் அடி, பிறகு நெடிய இடைவெளி, பிறகு ஓர் அடி. அதன் மேல் பித்தளை வாத்தியங்கள் கனமாக, மெதுவாக எழும்பின. இது அணிநடை இல்லை என்று கேட்டவுடன் தெரிந்தது. இந்த வேகத்தில் எந்தப் பட்டாளமும் சண்டைக்குப் போகாது. அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகத்தோடு ஒரு நப்பாசையும் வந்தது.

சில வாரத்தில் அஸீஸ் ஆள் அனுப்பினார். லொறி புரண்டு ஒரு சிப்பாய் இறந்துவிட்டான், சவப்பெட்டியை ரயிலில் ஊருக்கு அனுப்புகிறார்கள், பாண்ட் ஸ்டேஷன் வரை போகிறது, ஆசைப்பட்டால் வந்து கேளுங்கள் என்று செய்தி. ஜுனைதீன் பதறியடித்துக்கொண்டு போய்த் தியத்தலாவை ஸ்டேஷன் வாசலில் நின்றார். சிப்பாய்கள் காலைத் தூக்கி, அந்தரத்தில் நிறுத்தி, பிறகு மெல்ல வைத்து வந்தார்கள். பாண்ட் வாசித்தது அதே மெட்டு. ஓரமாக நின்ற சிங்களக் கிழவிகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். இறந்தவனின் தாய் பெட்டிக்குப் பின்னால் இரண்டு பேர் தாங்க நடந்து வந்தாள். ஜுனைதீன் அவளைப் பார்க்கவில்லை. அவர் மெட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

ரயில் போன பிறகு அஸீஸ் வந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். இது என்ன மெட்டு என்று ஒன்றும் தெரியாதவர்போல ஜுனைதீன் கேட்டார்.

“நானா, இது மய்யித்துக்கு வாசிக்கிறது. வேற எதுக்கும் வாசிக்கக் கூடாது. ஒத்திகைக்கே நாங்க பயந்து பயந்துதான் எடுப்போம்” என்றார் அஸீஸ்.

பதுளைக்குத் திரும்பி வருகிற ரயிலில் ஜுனைதீன் பசியே இல்லாமல் இருந்தார். தங்கராஜாவின் ஒரே மகன் வைரவநாதனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருப்பது ஊரறிந்த விஷயம். வரவேற்பு நகர மண்டபத்தில். அதிபர், நீதிபதி, வைத்தியர்கள், வங்கி மனேஜர்கள் எல்லாருக்கும் அழைப்பு. இத்தனை படித்தவர்களில் நாலு பேருக்காவது இந்த மெட்டு தெரியாமலா போகும்? மணமக்கள் உள்ளே வருகிறபோது இதைப் போட வேண்டும். முன்வரிசையில் ஒருவர் முகம் வெளிற வேண்டும், அவர் அடுத்தவர் காதில் குசுகுசுக்க வேண்டும், மண்டபம் முழுக்க அது பரவ வேண்டும், கடைசியில் தங்கராஜா காதுக்குப் போக வேண்டும். மகன் கல்யாணத்தில் சாவு மேளம் அடித்த வீடு என்று தலைமுறைக்கும் பேசப்பட வேண்டும். எனக்குத் தெரியாது, வெள்ளைக்காரன் ரெக்கோட்தானே என்று இவர் கையை விரித்துவிடலாம். யோசிக்க யோசிக்க அவருக்கு இனித்தது.

அடுத்த நாளே தங்கராஜாவின் கடைப்படி ஏறினார். பழையதை மறந்துவிடலாம், வாப்பாவும் போய்விட்டார், மகன் கல்யாணத்துக்குப் பாண்ட் வாத்தியம் என் அன்பளிப்பாக இருக்கட்டும் என்றார். தங்கராஜா கணக்குப் புத்தகத்தை மூடிவைத்தார். பிறகு எழுந்து வந்து தோளைத் தட்டி, அதற்கென்ன தம்பி, தாராளமாகச் செய்யுங்கள் என்றார். வீட்டில் மனைவி ஸகீனா இதை நம்பவில்லை. உங்களுக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

கல்யாண நாள் வந்தது. கதவு திறந்தது. மணப்பெண் சந்திரகாந்தி கனத்த காஞ்சிபுரப் பட்டிலும் தலை நிறைந்த பூவிலும் அசைய முடியாமல் நின்றாள். ஜுனைதீன் முள்ளை இறக்கினார். முதல் அடி விழுந்தது. பேச்சுச் சத்தம் சட்டென்று நின்றது. இதோ, இதோ என்று அவர் முன்வரிசையைப் பார்த்தார்.

நடந்தது வேறு. பொதுவாக வரவேற்புகளில் போடுகிற துள்ளல் பாட்டுக்குப் பட்டுச் சேலையைத் தூக்கிக்கொண்டு பெண் ஓட்டமும் நடையுமாகத்தான் வர வேண்டியிருக்கும். இன்று பெண் ஓர் அடி எடுத்து வைத்தாள், நின்றாள், அடுத்த அடி வைத்தாள். மெட்டு அவளுக்கென்றே செய்ததுபோலப் பொருந்திவிட்டது. ஒவ்வோர் அடிக்கும் நகையெல்லாம் ஒளிவிட்டன. பெண்கள் எட்டிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதிபர் எழுந்து நின்று கைதட்டினார், நீதிபதியும் தட்டினார், மண்டபமே தட்டியது. வெள்ளைக்காரன் போகும்போது தன் சாவையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டான் போலிருக்கிறது, படித்த ஒருத்தனுக்கும் ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் முடிந்ததும் தங்கராஜா நேராக மேசைக்கு வந்தார்.

ஜுனைதீனின் கையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, “ரொம்ப நல்லாயிருந்துச்சு தம்பி” என்றார். கை சில்லென்று இருந்தது. கல்யாணக் களைப்பு என்று ஜுனைதீன் நினைத்துக்கொண்டார்.

ஜுனைதீன் சாப்பிடாமலே சாமான்களைக் கட்டிக்கொண்டு வீடு திரும்பினார். அதைவிட மோசம் பிறகு வந்தது. அடுத்த முகூர்த்தத்துக்கு இரண்டு வீட்டார் வந்து, தங்கராஜா வீட்டில் போட்டீர்களே, அதையே போட வேண்டும் என்றார்கள். தங்கராஜா முதலாளிதான் சொன்னார், அப்படியொரு மெட்டு உலகத்தில் இல்லையாம் என்றார்கள். பெயர் தெரியாததால் ஊரே அதற்குப் பொண்ணு நடை என்று பெயர் வைத்துவிட்டது. இந்து வீடு, முஸ்லிம் வீடு, சிங்கள வீடு என்று பேதமில்லாமல் பதுளையிலும் பண்டாரவளையிலும் பெண்கள் பொண்ணு நடையோடு உள்ளே வந்தார்கள். ஜுனைதீன் பல்லைக் கடித்துக்கொண்டு முள்ளை இறக்கினார். என்ன மெட்டு என்று சொல்லவும் முடியாது, போட மாட்டேன் என்று சொல்லவும் முடியாது. ஒவ்வொரு கல்யாணத்திலும், தெரிந்த ஒருத்தன் இன்றாவது எழுந்துவிடுவானோ என்று முதலில் ஆசையோடும் பிறகு பயத்தோடும் பார்த்தார். ஒருவனும் எழவில்லை. அடித்த அடி தங்கராஜா மேல் படாமல் பஞ்சுமூட்டையில் பட்டதுபோலப் போய்விட்டதே என்ற வேதனைதான் அவரை அரித்தது. இளைத்துப்போனார்.

எண்பதாம் ஆண்டு அவருடைய ஒரே மகள் ஜெஸீமாவுக்குப் பண்டாரவளையில் மாப்பிள்ளை அமைந்தது. பையன் பெயர் றஹீம், துணிக்கடைக்காரர் மகன். கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளையின் உம்மா கேட்ட முதல் விஷயம் பொண்ணு நடை. ஜெஸீமாவுக்கும் அதே ஆசை. ஊரில் எல்லாப் பிள்ளைகளும் அந்த மெட்டில் வருவதைக் கடைவாசலில் இருந்து கேட்டு வளர்ந்தவள் அவள். “எனக்கும் அதத்தானே போடுவீங்க வாப்பா?” என்று கேட்டாள். ஜுனைதீன் சரி என்று தலையாட்டிவிட்டு, அன்று மாலையே அந்த ரெக்கோட்டைக் கல்லில் அடித்து உடைத்தார். கை தவறி விழுந்துவிட்டது என்று வீட்டில் சொன்னார். மகள் அழுதாள். அழட்டும், மய்யித்து மெட்டில் நடப்பதைவிட அழுவது நல்லது என்று இருந்துவிட்டார்.

நகர மண்டபத்தில் நிக்காஹ் முடிந்தது. அதை நடத்திவைத்த லெப்பை சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். பெண்ணை மேடைக்கு அழைத்து வர வேண்டியதுதான் பாக்கி. ஜுனைதீன் தன் மேசைக்கு வந்து கலகலப்பான ஒரு மெட்டை எடுத்து வைத்தார். அப்போது மாப்பிள்ளையின் மாமா சிரித்துக்கொண்டே ஒரு டேப் கெசட்டைக் கொண்டுவந்து நீட்டினார். பின்னால் தங்கராஜா நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. என் மகன் கல்யாணத்தில் பதிவு செய்தது, ரெக்கோட் உடைந்துபோனதாகக் கேள்விப்பட்டேன், பிள்ளையின் ஆசை கெடக் கூடாது பாருங்கள் என்றார். மண்டபம் திரும்பிப் பார்த்தது. மாப்பிள்ளையின் உம்மா அங்கிருந்தே சந்தோஷமாகத் தலையை ஆட்டினார்.

முடியாது என்று சொன்னால் ஏன் என்று சொல்ல வேண்டும். சொன்னால், எதிரில் உட்கார்ந்திருக்கிற குடும்பங்களில் பாதிக்கு மேல் தங்கள் பெண்களை இந்த மெட்டில் நடக்கவிட்டவர்கள். அப்படி நடந்த பெண்களில் கணவனை இழந்தவள் இருக்கிறாள், பிள்ளையில்லாதவள் இருக்கிறாள். அத்தனைக்கும் காரணம் இவர்தான் என்பார்கள். மகளின் மாமியார் வீட்டார் என்ன சொல்வார்கள்? ஜுனைதீன் கெசட்டை வாங்கிப் போட்டார். பட்டனை அழுத்தினார். முதல் அடி விழுந்தது. கதவு திறந்து ஜெஸீமா வந்தாள், முகமெல்லாம் பூரிப்பு.

தங்கராஜா ஒரு நாற்காலியை இழுத்து இவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். மேடையைப் பார்த்துக்கொண்டே தணிந்த குரலில் பேசினார்.

“யுத்த காலத்துல தியத்தலாவை ஆமி காம்புக்கு எங்க அப்பாதான் சாமான் சப்ளை. நான் லொறியில போவேன். இந்த மெட்டோட பொட்டி போறதக் கண்டா எறங்கி ரோட்டோரமா நிப்போம் தம்பி.”

ஜுனைதீன் அவர் பக்கம் திரும்பினார். “அப்ப ஒங்களுக்கு…” என்றார்.

“மொத அடியிலயே தெரிஞ்சுபோச்சு. நிறுத்தச் சொன்னா ஏன்னு கேப்பாங்க. சொன்னா என் பொஞ்சாதி அங்கயே விழுந்திருப்பா. நல்லாயிருக்குன்னு ஒங்க கையப் புடிச்சேன். அப்புறம் வீடு வீடாப் போயி அதையே போடச் சொன்னேன். ஒங்களுக்கும் ஒரு மக இருக்குல்ல.”

ஜெஸீமா மண்டபத்தின் பாதிக்கு வந்துவிட்டாள். ஓர் அடி, ஒரு நிறுத்தம், ஓர் அடி. தங்கராஜா இன்னும் முடிக்கவில்லை.

“மருமகளுக்கு ரெண்டு தரம் வயித்துல தங்காமப் போச்சு. ஆஸ்பத்திரி வராந்தாவுல ஒக்காந்திருப்பேன், காதுல இந்த மெட்டுதான். வீட்டுல யாருக்கிட்டயும் சொல்ல முடியாது. இத்தன வருசமா எனக்குத் தூக்கமில்ல. ஒங்க வாப்பாவுக்குப் பண்ணதுக்கு இது போதுமா தம்பி?” என்று கேட்டார்.

ஜுனைதீனின் நெஞ்சில் பயம் வந்திருக்கலாம், இரக்கம் வந்திருக்கலாம், ஒன்றுமறியாத அந்த மருமகளை நினைத்தாவது உடம்பு கூசியிருக்கலாம். வந்தது சந்தோஷம். பட்டிருக்கிறது, அடி பட்டிருக்கிறது, முதல் நாளே பட்டிருக்கிறது. வாப்பா, கேட்டீர்களா, இவன் தூங்கவே இல்லையாம். தேடித் திரிந்த வருடங்கள் அத்தனையும் வீணாகவில்லை என்று அவர் உடம்பு முழுக்க ஒரு இனிப்புப் பரவியது. மய்யித்துக்கு வாசிக்கிற மெட்டு தன் இரண்டு குழாயிலும் ஒலித்துக்கொண்டிருப்பதும், அதில் தன் மகள் நடந்து வருவதும் அந்த நொடியில் அவருக்கு மறந்துபோனது. அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

மேடைப்படியில் கால் வைத்த ஜெஸீமா அந்தச் சிரிப்பைக் கண்டாள். பல வருடமாக வாப்பா அப்படி மனம் விட்டுச் சிரித்து அவள் பார்த்ததில்லை. தன் கல்யாணத்தைக் கண்ட சந்தோஷத்தில்தான் அவர் அப்படிச் சிரிக்கிறார் என்று நினைத்து, அவளும் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.